கை காட்டியும் நிற்காத வண்டி

விஜயலட்சுமி உப்பளத் திருப்பத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டபோது மணி ஐந்தே முக்கால். தை மாசத்துப் பனி இன்னும் விலகவில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் போகிற பெரிய ரோட்டிலிருந்து உப்புப் பாத்திகளுக்கு ஒரு மண்பாதை பிரிந்து இறங்கும் இடம் அது. பாதை இருபதடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு அப்பால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை அந்தப் பக்கமிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. பதினோரு மாதமாக அவள் மூக்கில் படாமலிருந்த வாடை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. போலீஸ் வேலையில் பத்தொன்பது வருஷம், இப்போது ஏட்டு. போன வருஷம் இந்தத் திருப்பத்துக்கு உள்ளே நடந்த விபத்துக்குப் பிறகு அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். ஆள் பற்றவில்லை என்று நேற்றுத்தான் திரும்ப இங்கே போட்டார்கள். எங்கே டியூட்டி என்று கேட்டதற்கு, ரைட்டர் தலையைத் தூக்காமலே, "உப்பளத் திருப்பம், வாகனச் சோதனை" என்றார். மாற்றிக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கூட வந்த ஊர்க்காவல் படைக்காரர் டீ வாங்கப் பைக்கில் போய்விட்டார். அவள் தடுப்புகளை இழுத்து ரோட்டோரம் வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது.

ரோட்டில் ஒரு டிராக்டர் வருகிற சத்தம். அதற்கும் மேலே பெண்கள் பேசுகிற சத்தம். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாடி வளையல்கள் இரும்புப் பலகையில் இடிபட்டன. தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நீராகாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம் பனிக்குள் மிதந்து வந்தது.

டிரெய்லரில் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நடு ரோட்டுக்கு ஓடி, கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நிறுத்துய்யா! எத்தினி வாட்டி சொன்னாலும் ஒங்களுக்கெல்லாம் புத்தி வராதா? டிரெய்லரு மூட்டை ஏத்தறதுக்கு. ஆளுங்கள ஏத்தறதுக்கு இல்ல. எத்தினி பேரு பின்னாடி?"

டிராக்டர் நின்றது. ஓட்டி வந்தவன் தலையில் துண்டைச் சுற்றியிருந்த ஓர் இளைஞன். அவளை மலங்க மலங்கப் பார்த்தான்.

"யாரும் இல்லீங்களே மேடம். வெறும் வண்டிங்க."

பேச்சும் சிரிப்பும் நின்றுபோயிருந்தன.

விஜயலட்சுமி டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். டிரெய்லருக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. பக்கப் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். காலி. ஒரு கூடைகூட இல்லை. வெளிச்சத்தைக் கீழே இறக்கியபோதுதான் ஈரம் தெரிந்தது. தரை முழுக்க ஈரமில்லை. இரண்டு ஓரத்திலும், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுக்கு, தனித்தனித் திட்டாக ஈரம்.

இந்தப் பக்கம் மூன்று.

அந்தப் பக்கம் மூன்று.

அவள் டார்ச்சை அணைத்தாள். கீழே டயர்கள் இரண்டும் பாரம் தாங்காமல் நசுங்கி, மண்ணில் அகலமாகப் பதிந்து கிடந்தன.

இறங்கி வந்த டிரைவர் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அவன் குரல் தணிந்தது.

"நீங்களும் பாத்துட்டீங்களா மேடம்? எம்பேரு கொளஞ்சி. வேலைக்குச் சேந்து பத்து நாளுதான் ஆவுது. மொதல்ல டயர்ல காத்து இல்லைன்னு நெனச்சேன். காத்தடிச்சும் பாத்துட்டேன். இந்தத் திருப்பம் வர்றப்ப பாரம் ஏறிடுது. உள்ள மதகுகிட்ட போனதும் லேசாயிடுது. தெனமும் இப்படித்தான்."

"மொதலாளிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பயமா இருந்தா வேலைக்கு வராதேன்னுட்டாரு." அவன் தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். "வேலைக்கு வர்ற பொம்பளைங்க யாரும் இதுல கைகூட வைக்க மாட்டேன்றாங்க. தொலைவுலயே நடந்து போறாங்க. இந்த வண்டியில என்ன மேடம்?"

விஜயலட்சுமி டார்ச்சை இடுப்பில் செருகினாள். போ என்று கையை மட்டும் அசைத்தாள். டிராக்டர் திணறிக்கொண்டு மண்பாதையில் இறங்கியது. பனி அதை மூடியதும், உள்ளேயிருந்து மறுபடி அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போன வருஷம் மாசியில், இதே இடத்தில், இதே நேரத்தில், அவள் அந்த டிரெய்லரை நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு ஓட்டி வந்தவர் சடையப்பன். பின்னால் பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து உப்பு வாரப் போகிற ஆறு பெண்கள். எல்லாரையும் இறங்கச் சொன்னாள். டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் இடம், இழுத்துக்கொண்டு போகிற பெட்டியில் ஆள் உட்காரவே கூடாது என்று சட்டம் சொன்னாள். பிடிக்க ஒரு கம்பி இல்லை, கவிழ்ந்தால் தப்பிக்க வழி இல்லை என்று காரணமும் சொன்னாள்.

அவர்களில் மூத்தவள் ஆண்டாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முட்டி வீங்கிப் போயிருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"இன்னைக்கு ஒரு நாளு விட்டுடு ஏட்டம்மா. நீ சொல்றது ஞாயம்தான். மூணு மைலு நடந்து போறதுக்குள்ள வெயிலு வந்துடும். வெயில்ல பாத்தி மேல கண்ணு தெறக்க முடியாது, தாயி. நாளைலேர்ந்து நடந்தே வர்றோம்."

கூட டியூட்டியில் இருந்தவர் டீக்கடையில் இருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. விஜயலட்சுமியின் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்த்தான் அவளைப் படிக்க வைத்தாள். அந்த வீங்கிய முட்டியைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"இன்னைக்கு மட்டும்தான்," என்றாள்.

அதற்குள் ஒருத்தி மட்டும் கீழே இறங்கிவிட்டிருந்தாள். கலைமதி. இருபது வயது. சொன்னதும் முதல் ஆளாகக் குதித்திருந்தாள். இப்போது ஒரு கால் டயர் மேலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு சிரித்தாள்.

"ஏட்டம்மா, ஏறட்டுமா எறங்கட்டுமா? ஒண்ணு சொல்லுங்க."

"ஏறித் தொலை," என்று விஜயலட்சுமியும் சிரித்தாள். கையைக் கொடுத்துத் தூக்கி ஏற்றிவிட்டாள். உப்பு அரித்து வெடித்துப்போன உள்ளங்கை. சின்னப் பெண்ணின் கை அவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கால் மணி நேரத்தில் கூச்சல் கேட்டது.

மதகு வளைவில் கரை சரிந்து டிரெய்லரின் சக்கரம் இறங்க, இணைத்திருந்த கொக்கி பிய்த்துக்கொண்டது. டிராக்டர் கரைமேலேயே நின்றுவிட்டது. டிரெய்லர் மட்டும் உருண்டு உப்புத் தண்ணீர்க் கால்வாயில் தலைகீழாகக் கவிழ்ந்தது. முட்டளவு தண்ணீர்தான். ஆனால் கவிழ்ந்த இரும்புப் பெட்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அது போதும். விஜயலட்சுமி ஓடிவந்தபோது சடையப்பன் தண்ணீரில் நின்று ஒற்றை ஆளாக அதைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் இறங்கித் தோள் கொடுத்தாள். அசையவில்லை. உள்ளேயிருந்து பலகையைத் தட்டினார்கள். ஆறு பேரும் தட்டினார்கள். அப்புறம் மூன்று பேர். அப்புறம் ஒரே ஒரு கை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

ஆட்கள் வந்து புரட்டியபோது ஒருத்திகூட உயிரோடில்லை.

அன்று சாயங்காலம் பெரிய அதிகாரி அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீ அங்கதானே நின்ன? வண்டி நின்னுச்சா, நிக்கலையா?"

அவள் உடுப்பைக்கூட மாற்றவில்லை. யூனிஃபார்ம் முழங்கால்வரை உப்பு காய்ந்து விறைத்திருந்தது. நின்றது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"நிக்கல சார்."

அந்த ஒரு சொல்லை அவர்கள் ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டார்கள். கை காட்டியும் நிற்காமல் அதிவேகமாகச் சென்று. அவள் கையெழுத்துப் போட்டாள். அதனால்தான் வேகத்தில் வண்டி சரிந்தது என்றாகிவிட்டது. போலீஸைப் பார்த்து ஓடி ஆறு உயிரைக் கொன்றவன் என்று சடையப்பனை ஊரே காறித் துப்பியது. ஏட்டம்மாதான் நிறுத்தி அனுப்பினாங்க என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வரும் திங்கட்கிழமை அந்தக் கேஸ். முதல் சாட்சி அவள்தான்.

வீட்டில் அவள் புருஷன் சக்கரபாணிக்கு மட்டும் விஷயம் முழுதும் தெரியும். அந்த வியாழக்கிழமை ராத்திரி சோறு போடும்போது, "கோர்ட்ல உண்மைய சொல்லிடலாமான்னு இருக்குது" என்றாள்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "வேலை போயிடும். உம்மேலயே கேஸு போடுவாங்க. நம்ம புள்ள செந்தமிழு இந்த வருஷம் பிளஸ் டூ. யோசிச்சியா?" பிறகு குரலை இறக்கி, "செத்தவங்க என்ன திரும்ப வரவா போறாங்க?" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளியும் சனியும் அதேதான். பனிக்குள் டிராக்டர் வரும். சிரிப்பு வரும். அவள் கை காட்ட மாட்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். டிரெய்லர் அவளைத் தாண்டும் நேரத்தில் மட்டும் சிரிப்பு அடங்கி, பின்னங்கழுத்தில் ஈரக் காற்றுப் படும். ஆறு பேர் அவளைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பனி மற்ற நாளைவிடக் கனமாக இருந்தது. ஐந்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. கொளஞ்சியின் டிராக்டர் வந்தது. இன்றைக்குச் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. அவள் திரும்பிக்கொண்டாள்.

சத்தம் அவளுக்கு நேர் பின்னால் வந்து, இரண்டு முறை இருமி, அணைந்தது.

"மேடம்," என்றான் கொளஞ்சி. "நான் நிறுத்தல மேடம். அதுவா நின்னுடுச்சு."

அவள் திரும்பினாள்.

டிரெய்லரின் பக்கப் பலகைக்கு மேலே ஒரு கை நீண்டிருந்தது.

முழங்கைவரைதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் பனி. கறுத்த, மெலிந்த கை. மணிக்கட்டில் உடைந்த பாதி வளையல். உள்ளங்கை வெடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் விழுந்தது.

அந்தக் கை எதையும் கேட்கவில்லை. காத்திருந்தது.

"ஏட்டம்மா…"

காதுக்குள் தண்ணீர் போனால் கேட்குமே, அப்படி அடைத்த குரல்.

"ஏறட்டுமா… எறங்கட்டுமா?"

ஓடிவிட வேண்டும் என்றுதான் விஜயலட்சுமிக்குத் தோன்றியது. ஸ்கூட்டி பத்தடியில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான். இவர்களை இறங்கச் சொல்ல இந்த ரோட்டில் வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. யாரும் சொல்லாததால்தான் பதினோரு மாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொப்பியைச் சரி செய்தாள். எதற்குச் சரி செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. டிரெய்லரின் பின்பக்கம் போய்க் கதவின் கொண்டியைத் தட்டினாள். கதவு கீழே தொங்கியது.

"எறங்குங்க," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். "எல்லாரும் எறங்குங்க. இதுல போவக் கூடாது."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு, சொத்தென்று ஒரு சத்தம். ஈரமான ஏதோ ஒன்று தரையில் இறங்கிய சத்தம்.

டயர் ஒரு விரற்கடை மேலே எழுந்தது.

"ஒண்ணு," என்றான் கொளஞ்சி, தன்னையறியாமல். அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை, டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ அவளைக் கடந்து போனார்கள். வீங்கிய முட்டி. கடக்கும்போது நீராகார வாசம் அவள் முகத்தில் பட்டது.

"ரெண்டு."

மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொரு தடவையும் இரும்பு ஒரு முனகல் முனகி, பாரம் குறைந்து நிமிர்ந்தது. இறங்கிய காலடிகள் பெரிய ரோட்டில் ஏறி, ஊர் இருக்கிற பக்கமாக, அவசரமில்லாமல் நடந்து தேய்ந்தன.

கை மட்டும் அப்படியே நீண்டிருந்தது.

"நீயும் எறங்கும்மா," என்றாள் விஜயலட்சுமி.

"நாங்க நின்னோமே ஏட்டம்மா."

அவள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கை காட்டினீங்க… நாங்க நின்னோமே."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை தன் மேல் மற்றவர்கள் போட்ட பழிக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, புரியாமல் சொன்னது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரோட்டிலேயே வாய்விட்டு அழுதாள்.

"நின்னீங்க," என்றாள். "நின்னீங்கம்மா. நான்தான் பொய் சொன்னேன். நாளைக்குச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீ எறங்கு."

தன் கையை நீட்டினாள். சொரசொரத்த, பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த விரல்கள் அதைப் பற்றின. ஓர் ஆளின் முழுப் பாரமும் அவள் தோளில் ஒரு கணம் தொங்கி, இறங்கியது.

டயர் நிமிர்ந்து நின்றது. டிராக்டர் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பத் தயாரானது.

"மேடம்," என்று கிசுகிசுத்தான் கொளஞ்சி, "லேசாயிடுச்சு."

அவள் உள்ளங்கையில் உப்பு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை கோர்ட்டில் கூட்டமில்லை. கூண்டில் சடையப்பன் நின்றிருந்தார். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. பின்வரிசையில் செத்தவர்களின் ஆட்கள் நாலைந்து பேர். அவர்களில் கலைமதியின் அம்மா திரௌபதியும் இருந்தாள்.

அரசு வக்கீல் சடங்குபோலக் கேட்டார். "சம்பவத்தன்னைக்கு உப்பளத் திருப்பத்துல டியூட்டியில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அந்த டிராக்டருக்குக் கை காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"வண்டி நின்னுச்சா?"

மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"நின்னுச்சுங்க ஐயா."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "நிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அது பொய்ங்க ஐயா. நின்னுச்சு. ஆறு பேரையும் எறங்கச் சொன்னேன். அப்புறம் நான்தான் போங்கன்னு விட்டேன். சடையப்பன் ஓடல. மெதுவாத்தான் போனாரு."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கூண்டிலிருந்த சடையப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கேஸ் அதோடு முடியவில்லை. ஆள் ஏற்றியது ஏற்றியதுதான். அதற்கு சடையப்பன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியே வராண்டாவில் அவள் பக்கத்தில் வந்து அவரே அதைச் சொன்னார். "ஏத்தினது நான்தான் ஏட்டம்மா. அதுக்கு உண்டானத வாங்கிக்கிறேன். ஓடினேன்னு சொன்னதுதான் எம்பிள்ளைங்க மூஞ்சியப் பாக்க வுடல." நன்றி என்று அவர் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் நகர்ந்ததும் திரௌபதி வந்தாள். குள்ளமான பொம்பளை, அவளும் உப்பளத்துக்குப் போகிறவள்தான். விஜயலட்சுமியின் யூனிஃபார்ம் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரையும் எறங்கச் சொன்னேன்னியே. எம்பொண்ணு எறங்கினாளா?"

பொய் சொல்லலாம். இந்த இடத்தில் ஒரு பொய் பாவமில்லை என்று தோன்றியது.

"எறங்கினா. மொத ஆளா எறங்கிட்டா."

"அப்புறம்?"

"நான்தான்… கை குடுத்து ஏத்திவுட்டேன்."

திரௌபதி அடிப்பாள் என்று விஜயலட்சுமி நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். திரௌபதி அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு என்னா சொன்னாலும் கேட்டுக்கும்," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ஏறுன்னா ஏறும். எறங்குன்னா எறங்கும். அப்படித்தான் அது."

அந்த வாரமே விஜயலட்சுமியை சஸ்பெண்ட் செய்து ஆர்டர் வந்தது. பொய்ச் சாட்சிக்குத் தனி விசாரணை. சக்கரபாணி மூன்று நாள் பேசவில்லை; நாலாம் நாள், "சரி, விடு" என்று ஒரு வார்த்தை சொன்னார். கொளஞ்சி போன் பண்ணினான். இப்போதெல்லாம் திருப்பத்தில் பாரம் ஏறுவதில்லையாம். பெண்கள் அந்த டிரெய்லரில் உப்பு மூட்டை ஏற்றிக் கொடுக்கிறார்களாம். நடந்துதான் போகிறார்களாம். அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்று விடியும்வரை தூங்கினாள்.

மாசி மகத்தன்று பகல் பதினொரு மணிக்கு பொம்மையார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழி. சாதாரணப் புடவை, கையில் ஒரு பை. நல்ல வெயில். சாமிகளைக் கடலில் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோகிற கூட்டம் ரோடு முழுக்க. மேளம், வேட்டு, மைக் செட்.

வடக்கேயிருந்து ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர் நிறைய ஜனம். முப்பது பேராவது இருப்பார்கள். பெண்கள், கைக்குழந்தைகள், பலகை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற வயசுப் பையன்கள். கும்மி பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் வந்தார்கள். விஜயலட்சுமியின் கை தானாக உயரப் பார்த்தது. யூனிஃபார்ம் இல்லை என்பது ஞாபகம் வர, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டிராக்டர் அவள் நேருக்கு வந்து நின்றது.

பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை. டிரெய்லரில் இருந்த அத்தனை பேரும் அவள் நின்ற பக்கம் பார்த்தார்கள். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு, முணுமுணுப்பு இல்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். பையன்கள் இறங்கினார்கள். பெண்கள் குழந்தைகளைக் கீழே வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கியதும் எல்லாரும் ஓரமாகச் சேர்ந்து கடலைப் பார்க்க நடந்தார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரைவர் மட்டும் சீட்டிலிருந்து குனிந்து அவளிடம் எரிச்சலாகக் கேட்டான்.

"நீங்க போலீஸாக்கா? மஃப்டியில நிக்கிறீங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு வண்டிய நிறுத்தி எல்லாரையும் எறங்கச் சொன்னீங்க?"

"நான் கையே காட்டலப்பா," என்றாள் விஜயலட்சுமி.

"நீங்க இல்லக்கா," என்றான் அவன். "உங்க பக்கத்துல நிக்குதே, அந்தப் பொண்ணு."